மைனஸ் நாற்பது

குஞ்சப்பனை வளைவில் நின்னுபோச்சுக்கா,
ஆறவிட்டுத்தான் கிளப்பினேன் என்றான் ஜோகன்.
பின்னால் கரும்புகை
டானிங்டன் முக்கு வரைக்கும் கோடு போட்டிருந்தது.
மேட்டுப்பாளையத்தில் பார்த்தவர்கள்
பெட்டியையே மாற்றணும், நாற்பத்தெட்டாயிரம் என்றார்களாம்.
வண்டி அவனுடையது இல்லை.

லேப்டாப்பை மாட்டினேன்.
எஞ்சின் தண்ணீர் வெப்பம்: மைனஸ் நாற்பது.

புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடக்கும் ஜனவரியில்கூட
இந்த மலை பூஜ்யத்துக்குக் கீழே
இரண்டு படி இறங்கும், மூன்று படி இறங்கும்,
வெயில் வந்ததும் வெட்கப்பட்டு ஏறிவிடும்.
பானெட்டைத் திறந்து ஹோஸைத் தொட்டேன்.
விரலை உதறிக்கொண்டேன்.

பெட்டி பொய் சொல்லவில்லை.
அதற்குக் கண் இல்லை, தோல் இல்லை,
ஒரு கம்பியில் எத்தனை வோல்ட் என்பது மட்டும் தெரியும்.
தண்ணீர் சுட்டால் வோல்ட் இறங்கும்,
குளிர்ந்தால் ஏறும்.
முழுசாய் ஐந்தும் அப்படியே நின்றால்
அந்தப் பக்கம் யாருமே இல்லையோ என்று
அதற்கு முதலில் தோன்றாது.
உலகம் உறைந்துபோயிற்று என்றுதான் தோன்றும்.
பாவம், இன்னும் கொஞ்சம் பெட்ரோல்,
இன்னும் கொஞ்சம் என்று
ஊட்டிக்கொண்டே இருக்கும்.

சென்சார் சாக்கெட்டைப் பிடுங்கி
ஸ்வெட்டரில் குத்தியிருந்த ஊக்கால்
இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்தேன்.
நூறைத் தாண்டிக் குதித்திருக்க வேண்டும்.
அசையவில்லை. மைனஸ் நாற்பது.
கம்பியை முனை முதல் முனை வரை மீட்டர் வைத்துப் பார்த்தேன்,
எலி கடிக்கவில்லை. அப்போ உள்ளே.

வண்டியை விட்டுட்டுப் போ என்றேன்.

ராத்திரி, பக்கத்து பேக்கரியில் வர்க்கி வேகும் வாசனையில்
பெட்டியின் பசையைச் சூடு காட்டி, பிளேடால் அறுத்துத் திறந்தேன்.
இருபத்தெட்டாம் கால்.
அதைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வளையம்,
ஓரத்தில் பாசிப்பச்சை.
எந்த இடுக்கில் நுழைந்ததோ மூடுபனி.
ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும்.
பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதுசு வைத்தேன்,
ஒரு மிளகு அளவுக்குக்கூட இல்லை.

அழிக்கும் முன் எப்போதும் படிப்பேன்.
பிழை பிறந்த நொடியை
அந்தப் பெட்டி அப்படியே எடுத்து வைத்திருக்கும்.

வேகம் பூஜ்யம்.
எஞ்சின் ஓடிய நேரம் இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம்.
காற்றழுத்தம் எழுபத்தேழு.

குஞ்சப்பனையில் காற்று தொண்ணூறுக்குப் பக்கம் இருக்கும்.
எழுபத்தேழு என்றால் ஊட்டி, இல்லை அதற்கும் மேலே.
இந்தப் பெட்டிக்கு ஊர்ப் பெயர் தெரியாது,
உயரம் தெரியும்.

நின்ற வண்டியில் மூன்று மணி நேரம்
சொந்தமில்லாத பெட்ரோலை எரித்து
எஞ்சினை ஓடவிடுகிறவன்
யாருக்கோ குளிர்கிறது என்றுதான் ஓடவிடுவான்.
யாருக்கு, எந்த வாசலில்,
அதற்கெல்லாம் சென்சார் இல்லை.
குளிர் என்ற சேதி மட்டும்
பெட்டிக்கும் எட்டியிருந்தது,
தப்பான வழியில்,
அளவுக்கு மீறி.

காலையில் முதலாளி போனில்:
எங்கேம்மா போச்சு? பையன் எதுவும் தப்பா ஓட்டினானா?
லேப்டாப்ல எல்லாம் வருமே.
பனி சார், என்றேன். உள்ளே பச்சை பூத்திருந்தது.
அது நிஜம்.

பெட்டியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன்.
பதினான்கு என்றது,
வெளியே கோத்தகிரியும் அதையே சொன்னது.
அழி என்ற பட்டனை அழுத்தினேன்.

ஜோகன் ஜன்னலில் கைவைத்து நின்றான்.
அதுல எல்லாமே தெரியுமாக்கா?

வோல்ட் தெரியும், என்றேன்.

ரசீதில் எழுதியது:
ஒரு கால், பற்றவைப்பு, ஆயிரத்து இருநூறு.
ஹீட்டரையும் ஒருதரம் போட்டுப் பார்த்தேன்.
அதற்குக் காசில்லை.